இரட்டை மோட்டார், இரட்டை வேகமா?

ரிமோட்டில் ஓடும் மின்சார டிரக்கைத் தானே கட்ட ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "ரெண்டு மோட்டார் போட்டா ரெண்டு மடங்கு ஸ்பீடு வருமா அண்ணா?" இந்த எண்ணத்தோடு பொருள்களை வாங்கியவர்களின் சேமிப்புக் காசு கருகிய மோட்டாரிலும் பல் உடைந்த கியரிலும் போய் முடிவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம்பிக்கை: இரண்டு மோட்டார் என்றால் இரண்டு மடங்கு வேகம்

இரண்டு மாடு பூட்டிய வண்டி, ஒற்றை மாட்டு வண்டியைவிட இரண்டு மடங்கு விரைவாகப் போவதில்லை. மாடு நடக்கிற நடைதான் வண்டியின் வேகம். இரண்டாவது மாடு கூட்டித் தருவது பாரம் இழுக்கும் வலுவை. மோட்டாருக்கும் அதே கணக்குதான்.

ஆர்.சி. வண்டிகளில் பரவலாக இருக்கும் சாதாரண 540 மோட்டார், 7.2 வோல்ட்டில் பாரமில்லாமல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15,000 சுற்று சுற்றும். கியர் விகிதம் 30-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றும். டயரின் சுற்றளவு அரை மீட்டர் என்றால் வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் போகும். இந்தக் கணக்கில் மோட்டார்களின் எண்ணிக்கை எங்கேயும் வரவில்லை. வோல்ட், மோட்டாரின் சுற்று, கியர், டயர் ஆகிய நான்கும்தான் வேகத்தை முடிவு செய்கின்றன. பாரத்தோடு ஓடும்போது இரட்டை மோட்டார் வண்டியின் வேகம் அவ்வளவாகக் குறையாது. கூடுதல் வேகம் என்று நாம் உணர்வது அதைத்தான்.

ஜப்பானின் டாமியா நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த கிளாட் பஸ்டர் இதற்கு நல்ல சாட்சி. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மான்ஸ்டர் டிரக் அது. முன் அச்சில் ஒரு 540, பின் அச்சில் ஒரு 540. நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கும் திரும்பும். கரடுமுரடான தரையில் அந்தப் பெரிய டயர்களை உருட்டத்தான் இரண்டு மோட்டார். வேகத்துக்காகப் பிறந்த வண்டி இல்லை அது. மோட்டார் அச்சின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் நடுவே சுழலும் தண்டு தேவைப்படவில்லை. எடையும் தாழ்வாக நின்றது. ஆனால் ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடியதால், வேகமாக ஓட்டினால் அச்சு குதிக்கும். பாறை ஏறுகிறவர்களுக்கு இந்த அமைப்பு நல்லது. மேட்டில் பறக்கவிட நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம்பிக்கை: வயரை எப்படிக் கொடுத்தாலும் ஒன்றுதான்

பெரிய தவறு நடக்கும் இடம் இது. பள்ளிப் பாடத்தில் படித்த தொடரிணைப்பையும் பக்க இணைப்பையும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தொடரிணைப்பில் இரண்டு மோட்டாரிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். மோட்டாரின் முறுக்கு விசை அந்த மின்னோட்டத்தைப் பொறுத்தது. முன்சக்கரங்கள் கல்லின் மேல் தூக்கிக்கொண்டு காற்றில் சுற்றத் தொடங்கினால், சும்மா சுற்றும் அந்த மோட்டார் கொஞ்சம் மின்னோட்டமே எடுக்கும். அதே கொஞ்சம்தான் மண்ணில் சிக்கிய பின் மோட்டாருக்கும் கிடைக்கும். முன்னே வீணாகச் சுற்றும், பின்னே அசையாது. என் முதல் டிரக்கை இப்படித்தான் கட்டினேன். வண்டியில் கோளாறு என்று நினைத்து ஒரு வாரம் கியரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

பக்க இணைப்பில் ஒவ்வொரு மோட்டாருக்கும் முழு வோல்ட் போகும். சிக்கிய மோட்டார் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும். அதற்கு விலையும் உண்டு. அசையாமல் நின்றுவிட்ட ஒரு 540 மோட்டார் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டும் நின்றால் 100-ஐத் தாண்டும். ஈ.எஸ்.சி. எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இதைத் தாங்க வேண்டும். ஒரு மோட்டாருக்கு என்று அச்சிட்ட அளவை நம்பி இரண்டை மாட்டாதீர்கள்.

இதெல்லாம் பிரஷ் மோட்டாருக்கு. பிரஷ்லெஸ் மோட்டார் இரண்டை ஒரே ஈ.எஸ்.சி.யில் கொடுக்கவே கூடாது. உள்ளே சுழலும் காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துத்தான் ஈ.எஸ்.சி. மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. இரண்டு காந்தங்கள் இரு வேறு நிலையில் இருந்தால் அதனால் எதையும் பின்தொடர முடியாது. மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு ஈ.எஸ்.சி. வேண்டும். இரண்டையும் ஒரே ரிசீவரோடு இணைக்கும்போது ஒன்றிலிருந்து ரிசீவருக்குப் போகும் சிவப்பு வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ரிசீவருக்கு இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் போய் ஒன்றோடொன்று மோதும்.

நம்பிக்கை: இரண்டு மோட்டாரும் அணுவளவும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும்

அமெரிக்காவின் டிராக்ஸஸ் நிறுவனத்தின் ஈ-மேக்ஸ் வண்டியில் இரண்டு 550 மோட்டார்களும் ஒரே பற்சக்கரத்தைச் சுற்றின. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் அவை. அங்கே ஒன்று தளர்ந்தால் மற்றது அதையும் சேர்த்து இழுக்கும், சூடேறும். அதனால் ஒரே வகை, ஒரே வயதுள்ள ஜோடி வேண்டும். அச்சுக்கு ஒரு மோட்டார் என்ற அமைப்பில் சிறு வேறுபாடு பாதகமில்லை.

அங்கே கவனிக்க வேண்டியது வேறு. முன், பின் அச்சுகள் ஒன்றையொன்று பார்த்தபடி பொருத்தப்பட்டால் ஒரு மோட்டார் எதிர்த் திசையில் சுற்ற வேண்டியிருக்கும். பந்தயத்துக்காக டைமிங்கை, அதாவது பிரஷ் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் நேரத்தை, முன்தள்ளி வைத்த மோட்டார் ஒரு திசையில் நன்றாக ஓடும், மறு திசையில் திணறிச் சூடேறும். டைமிங் நடுநிலையில் உள்ளதை வாங்குங்கள்.

நம்பிக்கை: பேட்டரி பாதி நேரத்தில் தீர்ந்துவிடும்

சமதரையில் ஓரளவு சீக்கிரம் தீரும், உண்மைதான். கூடுதலாக ஏறிய ஒரு மோட்டாரின் எடையே 160 கிராம் வரும். ஏற்றத்தில் கணக்கு மாறுகிறது. மோட்டாரில் வீணாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 ஆம்பியரை ஒரே மோட்டார் சுமந்தால் 400 பங்கு சூடு என்று வைத்துக்கொண்டால், ஆளுக்குப் பத்தாகப் பிரிக்கும்போது ஒவ்வொன்றிலும் 100, மொத்தம் 200. வீணாவது பாதியாகக் குறைகிறது. இரட்டை மோட்டாரின் உண்மையான லாபம் இதுதான் என்பது என் முடிவு.

பேட்டரியை முழுக்கத் தீர்த்துத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. லைப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். அதை மறுபடி சார்ஜ் செய்வது தீ விபத்துக்கு வழி. வோல்ட் குறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் லைப்போ வெட்டுநிலை இல்லாத ஈ.எஸ்.சி.யில் அதை மாட்டவே வேண்டாம்.

கட்டி முடித்ததும் நேராகத் தரையில் விடாதீர்கள். டிரக்கை ஒரு செங்கல்லின் மேல் வைத்து நான்கு சக்கரமும் அந்தரத்தில் நிற்கும்படி செய்துவிட்டு ரிமோட்டை மெல்ல அழுத்துங்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் எதிரெதிராகச் சுற்றினால், பிரஷ் மோட்டார் ஒன்றின் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றிப் போடுங்கள். அதன் பிறகு இறக்குங்கள்.