யாண்டும் இயங்கும் ஷெல் ஸ்கிரிப்ட்

ஒரு கணினியில் செவ்வனே இயங்கிய ஷெல் ஸ்கிரிப்ட், மற்றொன்றில் தடுமாறக் காண்கிறோம். இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ், நாளடைவில் பல கிளைகளாய்ப் பிரிந்தது. கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் ஷெல்லும் அவ்வாறே பலவாயிற்று. 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் போர்ன் ஷெல் வெளிவந்தது. 1989-இல் தோன்றிய பாஷ், அதன் வழிநின்று, அதன்கண் இல்லாத பல வசதிகளையும் சேர்த்துக்கொண்டது. யாவர்க்கும் பொதுவான ஷெல் இலக்கணத்தைப் போசிக்ஸ் என்னும் நியமம் 1992-இல் வகுத்தது.

தமிழிலக்கணம் பயில்வார்க்கு இந்நிலை புதிதன்று. போசிக்ஸ் விதித்தவை இயற்சொல்லைப் போல எங்கும் விளங்கும். பாஷுக்கே உரியவை திசைச்சொல்லைப் போலத் தம் நிலத்தில் மட்டுமே விளங்கும். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அறியாத சொல்லைக் கேட்ட மனிதன் அதன் பொருளை வினவுவான். ஷெல்லோ தான் கொண்ட பொருளிலேயே காரியத்தை முடித்துவிடும்.

இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு, அவை ஒத்திருப்பின் மூலத்தை அழிக்குமாறு ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறோம் என்க. ஒப்பிடும் கட்டளையின் செய்திகளை மறைக்க '&>' என்னும் குறியை இடுகிறோம். பாஷ் இதனை ஒரே குறியாகக் கொள்ளும். உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் பொது ஷெல்லாக விளங்கும் டாஷ் அங்ஙனம் கொள்வதில்லை. '&' வரையுள்ளதைப் பின்னணியில் ஓடவிட்டு, எஞ்சியதைத் தனிக் கட்டளையாக்கி, அது நிறைவேறியமையால் நிபந்தனையும் நிறைவேறிற்று எனத் துணியும். கோப்புகள் வேறுபட்டிருப்பினும் மூலம் அழிந்துபடும். ஷெல் யாதொரு குற்றமும் கூறாது.

ஆகவே நாம் கைக்கொள்ளத்தக்கவை சில. '&>' என்பதை விடுத்து, '>' குறியையும் கோப்பின் பெயரையும் எழுதி, அதன்பின் '2>&1' என்று எழுதுதல் வேண்டும். சமன் நோக்குமிடத்து '==' விடுத்து '=' இடுதல் நன்று. எக்கோ இடத்திற்கிடம் மாறுபடுதலின் பிரிண்ட்எஃப் கொள்ளத்தக்கது. செட் கட்டளையால் கோப்பினை உள்ளபடியே திருத்தும் முறை, லினக்ஸில் ஒருவிதமாகவும் மேக் கணினியில் வேறுவிதமாகவும் அமைந்துள்ளது. எனவே திருத்தியதைப் புதுக்கோப்பில் எழுதிப் பின்னர்ப் பெயர் மாற்றுதலே தக்கது. பாஷின் வசதிகள் இன்றியமையாதனவெனின், முதல் வரியிலேயே பாஷ் வேண்டும் என மெய்யாகக் குறித்தல் கடன்.

இறுதியாக, எழுதியதை ஷெல்செக் என்னும் கருவியால் சோதித்து, டாஷிலும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். நம் கணினியில் இயங்கிற்று என்பது பாதிச் சான்றே. பிறர் கணினியிலும் தீங்கின்றி இயங்குவதே முழுச் சான்றாகும்.