மழைக்காலத்தில் ஒரு வெயில் வாரம்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். ஜொகூரில் வாழும் நமக்குப் பனி கிடையாது. ஆயினும் அம்மாதங்கள் நமக்கும் தனிப்பருவமே. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வந்து நமக்கு மழையைத் தருகின்றது.

அம்மழை நாள்தோறும் ஒரே சீராகப் பெய்வதில்லை. மாணவர்களே, இதனை நீங்கள் உற்று நோக்குதல் வேண்டும். வடக்கே சைபீரியா, சீனம் ஆகிய பெருநிலங்களின்மேல் குளிர்ந்து கனத்த காற்று, அவ்வப்போது திரண்டு தெற்கே பாய்கின்றது. வெதுவெதுப்பான கடலின்மேல் வருகையில் ஈரத்தை முகந்துகொள்கின்றது. ஒரு பாய்ச்சல் சில நாள் நீடிக்கும். பின்னர்க் காற்றுத் தளரும். அடுத்த பாய்ச்சல் வரும்வரை வானம் வெளுக்கும், இளவெயில் காயும், சில வேளைகளில் ஒரு வாரம்கூட இதமாகக் கழியும்.

அவ்வாரத்தின் அருமையைப் பால் வெட்டுவோரிடம் கேட்டறிய வேண்டும். மரப்பட்டை நனைந்திருந்தால், பால் வெட்டுக்கோட்டின் வழியே ஓடாமல் பட்டையெங்கும் பரவி வழிந்துவிடும். மங்கில் சேர்ந்த பாலையும் மழைநீர் அடித்துச் செல்லும். ஈரப்பட்டையில் கத்தி பட்டால் பூசணமும் பற்றும். ஆதலால் மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைய வருமானமும் குறையும். விடியலில் நட்சத்திரங்களைக் கண்டதும் தொழிலாளர் முகம் மலர்வதில் வியப்பில்லை. இன்று பல தோட்டங்களில் கித்தா மரங்களுக்குப் பதிலாகச் செம்பனை நிற்கின்றது. அங்கும் சேற்றுப் பாதையில் குலைகளை வெளியேற்றுவது பெரும்பாடே.

ஆனால் இந்த வெயிலை நம்பிப் பருவம் முடிந்தது எனக் கருதலாகாது. 2006 டிசம்பரில் நம் மாநிலத்தில் பெருமழை கொட்டியது. சிகாமட், கோத்தா திங்கி முதலிய இடங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பின்னர் மழை ஓய்ந்தது. துயர்துடைப்பு மையங்களிலிருந்து மக்கள் வீடு திரும்பினர், சேற்றைக் கழுவினர். புதிய பள்ளியாண்டும் தொடங்கியது. பொங்கலுக்குச் சில நாள்களே இருக்கையில், 2007 சனவரி இரண்டாம் வாரத்தில், மீண்டும் மழை கொட்டியது. கோத்தா திங்கியில் இரண்டாம் வெள்ளம் முதல் வெள்ளத்தினும் உயர்ந்தது. இரு வெள்ளங்களாலும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது.

காரணம் எளிது. மேலே வெயில் காய்ந்தாலும், அடியில் மண் நீரை உறிஞ்சிய நிலையிலேயே இருந்தது. நனைந்த துணி மேலும் நீரை ஏற்குமா? பெய்த மழை நிலத்தில் இறங்க இடமின்றி நேரே ஆற்றுக்கு ஓடியது. கடலேற்றம் உள்ள வேளையில் ஜொகூர் ஆற்றின் நீர் விரைந்து வடிவதும் இல்லை. ஆகவே, ஆற்றோரம் குடியிருப்போர் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் நூல்கள் ஆகியவற்றை உயரத்தில் வைத்திருப்பார்களாயின், அவற்றை வெயில் வாரத்தில் கீழே இறக்காதிருத்தல் நன்று. பாலத்தடியில் ஆற்றுநீர் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதையும் பார்த்து வருதல் வேண்டும். வானத்தைவிட அது மெய் கூறும்.

பருவம் மாறுவதைக் கித்தா மரமே காட்டிவிடும். பெப்ரவரி வாக்கில் வறட்சி நிலைக்கும்போது, அதன் இலைகள் மஞ்சளும் சிவப்புமாகி உதிரும். அக்காலத்தில் பாலும் குறையும். தோட்டத்துப் பாதையெங்கும் சருகுகள் காலடியில் நொறுங்க, சில வாரங்களில் கிளை நுனிகளில் செந்தளிர்கள் தோன்றும்.