எத்தனை நாள் ஆச்சு என்று கேள்

காரைக்குடி

அன்பு உமையாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கருக்கலைப்புக்குத் தடை உள்ள நாடுகளில் பெண்கள் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கலைத்துக்கொள்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னார்களாம். "நல்லவேளை அத்தை, நமக்கு அந்தக் கதி இல்லை" என்று முடித்திருக்கிறாய். கிராம சுகாதாரச் செவிலியராக இந்தச் சிவகங்கைச் சீமையில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். அப்படிச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

நம் நாட்டுக் கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. குறிப்பிட்ட காரணங்களுக்காகக் கருவைக் கலைக்கிற டாக்டரைத் தண்டனையிலிருந்து அது காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். கருக்கலைப்பைக் குற்றமாக்கும் பழைய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-ஆம் பிரிவாக இருக்கிறது. தானே கலைத்துக்கொள்கிற பெண்ணும் அதன்படி குற்றவாளிதான். மாத்திரைக்கு 9 வாரம்வரை அனுமதி உண்டு, அதுவும் டாக்டர் சீட்டோடு.

நடப்பது வேறு. 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம் என்று தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் 73 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை. நம் மாநிலத்தில் பெரும்பாலான மருந்துக்கடைகள் அந்த மாத்திரையை வைப்பதே இல்லை. பெண் கருவைக் கலைப்பதைத் தடுக்க வந்த கெடுபிடி இதன்மேலும் விழுந்தது. 9 வாரத்தில் எந்த ஸ்கேனிலும் ஆணா பெண்ணா என்று தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அதனால் புருஷன் பஸ் ஏறி, தெரிந்த முகம் இல்லாத ஊரில் இறங்கி, இரட்டை விலை கொடுத்து வாங்கி வருவார். உள்ளே இருக்கும் தாள் இங்கிலீஷில், பொடி எழுத்தில். எதை முதலில் போடுவது, எவ்வளவு ரத்தம் போனால் சரி, எவ்வளவு போனால் ஆபத்து என்று சொல்ல ஆளில்லை. மாமியாருக்குக் கேட்கக்கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விடியவிடியக் கிடந்ததாக ஒருத்தி என்னிடம் சொன்னாள். அவளுக்கு மாத்திரை சரியாகத்தான் வேலை செய்திருந்தது. அதைச் சொல்ல ஆளில்லாததால், செத்துக்கொண்டிருக்கிறோம் என்றே நினைத்திருக்கிறாள்.

இனி உன் வகுப்பில் சொன்ன அந்த வெளிநாடுகளுக்கு வா. வயிற்றுப் புண்ணுக்கு விற்ற மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரை கருவைக் கலைக்கும் என்பதை 1980-களில் முதலில் கண்டுகொண்டவர்கள் பிரேசில் நாட்டுச் சாதாரணப் பெண்கள். அர்ஜென்டினாவில் 2020 டிசம்பர் 30 அன்றுதான் சட்டம் மாறியது. அதற்கு முன்பே 'சொகொரிஸ்தாஸ்' என்ற பெண்கள், இளஞ்சிவப்பு டோப்பா வைத்துக்கொண்டு, கலைக்க நினைக்கும் பெண்களுக்குத் துணையாக வெளிப்படையாகவே இயங்கினார்கள். போன் செய்கிற பெண்ணைச் சந்தித்து, எத்தனை வாரம், உடம்புக்கு வேறு என்ன என்று விசாரிப்பார்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே விளக்குவார்கள். அவள் மாத்திரை போடும்போது போனில் கூடவே இருப்பார்கள். பிறகு டாக்டரிடம் போய்ப் பார்க்கச் சொல்வார்கள். தனியாக இல்லை, யாரும் திட்டவில்லை என்பதுதான் அந்தப் பெண்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது. சரியான தகவல், தரமான மருந்து, வேண்டும்போது மருத்துவ உதவி, இந்த மூன்றும் இருந்தால் 12 வாரத்துக்குள் பெண்ணே இதைப் பாதுகாப்பாகச் செய்துகொள்ளலாம் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் வழிகாட்டியது.

சட்டம் கதவடைத்த ஊரில் துணை இருந்தது. கதவு பாதி திறந்திருக்கிற நம் ஊரில் துணை இல்லை. நீ யோசிக்க வேண்டியது அதைத்தான்.

உன் விடுதியில் ஒருத்தி "நாள் தள்ளிப்போச்சு" என்று வந்து நின்றால், எப்படி ஆச்சு என்று கேட்காதே, எத்தனை நாள் ஆச்சு என்று கேள். நாள் ஏற ஏற வழி குறையும். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போ. 18 வயது நிறைந்தவளுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும். புருஷன் கையெழுத்தோ அப்பா கையெழுத்தோ சட்டம் கேட்கவில்லை. கல்யாணம் ஆகாதவளுக்கும் அதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவள் பெயரை வெளியே விடுகிற டாக்டருக்கு ஓராண்டுவரை சிறை.

ஏற்கெனவே மாத்திரை போட்டுவிட்டு வந்தாள் என்றால், மணிக்கு இரண்டு நாப்கினோ அதற்கு மேலோ முழுக்க நனைந்து இரண்டு மணி நேரம் அப்படியே தொடர்கிறதா, விடாத காய்ச்சலா, மயக்கமா, ஒரு பக்கமாகக் குத்தும் வலியா என்று பார். இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. கரு கர்ப்பப்பைக்குள் வராமல் குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை பலிக்காது, உயிருக்கே ஆபத்து. 108-ஐக் கூப்பிடு, நீயும் கூடவே ஏறிக்கொள். புத்திமதி எதுவும் அப்போது வேண்டாம்.

அன்புடன்,
அத்தை