அட்டை மாற்றமும் பழைய இடாப்பும்

மழையையும் வெப்பத்தையும் பொழுதுதோறும் குறித்து வைக்கும் சிறு கருவிகளை இக்காலத்து மாணவர் தாமே அமைக்கின்றனர். அவற்றிற்கு மூளையாய் இருப்பது நுண்கட்டுப்படுத்தி என்னும் சில்லு. குறிப்பேடாய் இருப்பது 1999ஆம் ஆண்டில் அறிமுகமான எஸ்.டி. அட்டை. நிறைந்த அட்டையைக் கழற்றி இடமுள்ள மற்றோர் அட்டையைச் செருகுதல் பேனைக்கு மை நிரப்புவதிலும் எளிதெனத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பி ஒரு தவணையின் அளவீடுகளை நாம் இழந்தோம். அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

அட்டையிலுள்ள இடம் 512 பைற்று கொண்ட துண்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. எக்கோப்பு எவ்விடங்களில் தொடர்ந்து செல்கின்றது என்பதை 'ஃபாட்' அட்டவணை கூறும். அதன் பெயர், நீளம், தொடங்குமிடம் ஆகியவற்றைப் பெயர்ப்பட்டியல் கூறும். சில்லானது ஒவ்வொரு முறையும் இவை யாவற்றையும் புதிதாய்ப் படிப்பதில்லை. அட்டவணை தொடங்குமிடம், திறந்திருக்கும் கோப்பின் நீளம், இறுதியாகப் படித்த துண்டம் முதலியவற்றைத் தன் உள்நினைவில் வைத்துக்கொண்டே கருமமாற்றும். வகுப்பு மாறியதை அறியாத ஆசிரியர் பழைய இடாப்பிலேயே வரவு குறித்தால் என்னாகும்? அதுவே இங்கும் நிகழ்கின்றது.

எனினும் கேடு உடனே விளைவதில்லை. புதிதாய்ச் செருகிய அட்டை, முறைப்படி தொடக்கி வைக்கப்படும் வரை எழுதும் கட்டளையை ஏற்காது. முயற்சி பிழையில் முடியும். அவ்வளவில் நின்றிருப்பின் நன்று. நாமோ, பிழை கண்டவிடத்து அட்டையைத் தானே மீண்டும் தொடக்குமாறு கீழ்நிலை நிரலை எழுதியிருந்தோம். உபகாரமென எண்ணியது உபத்திரவமாயிற்று. அட்டை மாறிய செய்தி மேல்நிலையிலுள்ள கோப்பு முறைமைக்கு எட்டவில்லை. அது பழைய கணக்கைக் கொண்டே புதிய அட்டையில் எழுதிற்று. இரு அட்டைகளும் ஒரே கொள்ளளவினவாய், ஒரே விதமாய் அமைக்கப்பட்டிருந்தமையால் பிழைச் செய்தி யாதும் தோன்றவில்லை. கோப்பை மூடியபோது, இரண்டாம் அட்டையின் பெயர்ப்பட்டியலில் அதே வரிசையில் இருந்த கோப்பின் நீளமும் தொடங்குமிடமும் மாற்றி எழுதப்பட்டன. பெயர் மட்டும் முன்னைய தவணையினதாய் எஞ்சிற்று.

ஃபாட்எஃப்எஸ் என்னும் பரவலான நிரற்றொகுதியில் இதற்கோர் காவல் உண்டு. அட்டை ஏற்றப்படுந்தோறும் அது ஓர் அடையாள எண்ணை மாற்றுகின்றது; கோப்பைத் திறக்கும்போது அவ்வெண் கோப்போடும் பதியப்படும். எண்கள் ஒவ்வாவிடின் கோப்பு செல்லாதென மறுக்கும். ஆயின் அட்டை அகன்றதைக் கீழ்நிலை நிரல் அறிவித்தாலன்றி இக்காவல் விழிக்காது. நாம் செய்த பிழை அங்கேயே இருந்தது.

செருகுவாய்கள் பலவற்றில் அட்டை உளதோ எனக் காட்டும் சிற்றாளி உண்டு. அதன் தொடுகை சில மில்லிசெக்கன் துடிக்குமாதலின், நிலைத்த பின்னரே அதனை நம்பல் வேண்டும். ஆளியில்லாத செருகுவாய்க்கு ஒரு பொத்தானும் ஒரு விளக்கும் போதும். பொத்தானை அழுத்தியதும் கோப்பு மூடப்பட்டு, அட்டை இறக்கப்பட்டு, விளக்கு அணையும். அதன் பின்னரே கழற்றலாம். இறக்குதல் மாத்திரம் கோப்பை மூடித் தராது என்பதையும் மறத்தலாகாது. புதிய அட்டையைச் செருகியபின் மீண்டும் ஏற்றிக் கோப்பைப் புதிதாய்த் திறத்தல் வேண்டும்.

பொத்தானை மறந்து பிடுங்கும் மாணவனும் இருப்பான். அவன் பொருட்டு, பத்து அளவீடுகளுக்கு ஒருமுறை உள்நினைவில் உள்ளவற்றை அட்டைக்கு எழுதி, கோப்பின் நீளத்தையும் பெயர்ப்பட்டியலில் திருத்துமாறு அமைத்தோம்.