வேட்டைக்குரிய வழிகாட்டி எது?

அமெரிக்க நாட்டுக் கொலராடோ மலைகளில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடுவோர் இலையுதிர்காலத்தே கூடாரத்தினின்று பல மைல் அகன்று செல்வர். பனி பெய்து அடிச்சுவடு மறையுங்கால், மீளும் வழியறிதல் உயிர்க்காரியமாகும். அவர்க்குத் தனி ஜி.பி.எஸ். கருவி வேண்டுமா, கைப்பேசியே போதுமா என ஈண்டு ஆராய்வோம்.

கோபுரத் தொடர்பற்ற காட்டிற் கைப்பேசி இடமறியாது என்பர் பலர், அது பிழை. இரண்டும் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுற்றும் செயற்கைக்கோள்களின் குறிகளையே பெறுகின்றன. நான்கு கோள்களின் குறி கிடைப்பின் இடம் புலப்படும். தொடர்பின்றி வாராதது நிலப்படமே. அதனை முன்னரே இறக்கி வைத்தால் அக்குறையும் நீங்கும். படம் பெரிதாய்த் தோன்றுதலும், தனியார் நில எல்லையைக் காட்டும் செயலிகள் இருத்தலும் கைப்பேசியின் சிறப்பு.

ஆயினும், கடுங்குளிரில் அதன் மின்கலம் விரைவிற் சோரும். கோபுரத்தைத் தேடுதலாலும் ஆற்றல் வீணாகும். ஈரவிரலுக்குத் தொடுதிரை எளிதில் இணங்காது. தனிக்கருவிகளுட் பல, கையுறையோடும் அழுத்தத்தக்க பொத்தான்களையுடையன. சில, மாற்றத்தக்க சிறு மின்கலங்களை ஏற்பன.

ஆதலின், ஒருபகல் வேட்டைக்குக் கைப்பேசி போதும். பலநாள் தங்குவோர்க்குத் தனிக்கருவியே தலையாயது, கைப்பேசி துணையாகும் என்பது நம் துணிபு. இரண்டும் மின்னாற்றலை நம்பியன. எனவே காகிதப் படமும் திசைகாட்டியும் பையில் இருத்தல் வேண்டும். மான் கிட்டாவிடினும் மறுநாள் உண்டு. வழி தப்பினார்க்கு அந்நாளும் அரிது.