மேகக் கணிமையும் நம் கடைக் கணக்கும்



கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும், அதற்குச் சாட்சி வைக்குமாறும் திருமறையின் அல்பகரா அத்தியாயம் 282ஆம் வசனம் பணிக்கிறது. ஆகவே கணக்கெழுதுதல் நமக்கு வெறும் வியாபாரப் பழக்கமன்று, மார்க்கத்தோடு சேர்ந்ததாகும். இன்று அக்கணக்கைப் பேரேட்டிலிருந்து எடுத்து 'மேகக் கணிமை'யில் வைக்கச் சொல்கின்றனர். அதாவது, கணக்கு வேறொரு நிறுவனத்தின் கணினிகளில் இருக்கும். நாம் இணையத்தின் வழியே அதைத் திறந்து எழுதி, மாதந்தோறும் வாடகை கட்டுவோம்.

சிறு வியாபாரிகள் இதனை ஏற்பது எவற்றைப் பொறுத்தது? புதிய தொழில்நுட்பத்தை நிறுவனங்கள் ஏற்கும் காரணங்களை டோர்னாட்ஸ்கி, ஃபிளைஷர் என்னும் அறிஞர்கள் 1990ல் மூன்றாக வகுத்தனர். அது நமக்கும் பொருந்தும்.

முதலாவது, கருவி. பெருமுதல் போட்டுக் கணினி வாங்க வேண்டுவதில்லை. கடை தீப்பற்றினாலும் கணக்கு பிழைக்கும். இரு கிளைகளின் சரக்கையும் ஓரிடத்திலிருந்தே பார்க்கலாம். ஆனால் இணையம் அறுந்தால் வேலை நிற்கும், வாடகைக்கும் முடிவில்லை.

இரண்டாவது, கடை. முதலாளியின் மனஉறுதியே இதில் தலையாயது. அடுத்தது கணக்கப்பிள்ளையின் பயிற்சி. அவருக்குக் கற்பிக்காவிடில் பாதிக் கணக்கு தாளிலும் பாதி மேகத்திலும் கிடக்கும். ஆண்டிறுதியில் ஜகாத் கணக்கிட இரண்டும் உதவா.

மூன்றாவது, வெளியுலகம். மலேசியாவில் மின் விலைப்பட்டியல் 2024 ஆகஸ்ட் 1ல், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்டோருக்குக் கட்டாயமாயிற்று. 2025 ஜூலை 1ல் 50 லட்சத்திற்கு மேற்பட்டோரையும் எட்டியது. வருமான வரி வாரியத்தின் இலவசத் தளத்தில் நாமே பதியலாம் என்றாலும், நாள்தோறும் ஏராளமாகப் பட்டியலிடும் மொத்த வியாபாரிக்கு அது போதாது.

இவை யாவற்றிற்கும் மேலானது நம்பிக்கை. வாடிக்கையாளரின் பெயரும் கடனும் நம்மிடமுள்ள அமானத். கணக்கைப் பிறரிடம் ஒப்படைத்தாலும், 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொறுப்பு நம்மை விட்டு நீங்காது. எனவே கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்திலேயே பதில் பெறுக: முழுக் கணக்கையும் நாம் வேண்டும்போது நகலெடுக்கலாமா? வாடகை நின்றால் எத்தனை நாள் காப்பார்கள்? கணக்கைத் திறந்து பார்க்க யார் யாருக்கு உரிமை? கடையிலுள்ள அனைவருக்கும் ஒரே கடவுச்சொல் கொடுப்பது, கல்லாப்பெட்டிச் சாவியைத் திண்ணையில் போடுவதற்கு ஒப்பாகும்.

ஒரே கடை, சில கடன்காரர் என்றிருப்போருக்குப் பேரேடே போதும். கிளையும் கடனும் பெருகியவர், மூன்று மாதம் இரண்டிலும் எழுதி ஒப்பிட்டு, அதன்பின் முடிவு செய்வது நலம். வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.