வெம்ப்ளியில் இரண்டு வாசல்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

முதல் தடவையாக ஒரு பெரிய பாட்டு நிகழ்ச்சிக்குப் போக நீ காசு சேர்த்து வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னா. ஸ்டேடியத்தில் பார்ப்பதா, அரினாவில் பார்ப்பதா என்று உன் சிநேகிதிகளுக்குள் ஒரே வாக்குவாதமாம். ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் இது உன் முதல் நிகழ்ச்சி. காரணங்களையும் சேர்த்துத் தெரிந்துகொள் பிள்ளை.

வெம்ப்ளி பார்க் ஸ்டேஷனில் இறங்கி அந்த அகலமான நடைபாதையில் போகிறவர்களுக்கு இரண்டும் ஒரே பார்வையில் தெரியும். நேர் எதிரே ஸ்டேடியம்: 90,000 இருக்கைகள், மேலே 133 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் வெள்ளை வளைவு. ஒரு பக்கத்தில் அரினா: சுமார் 12,500 பேர் கொள்ளும் பழைய கட்டடம். 1934இல் எம்பயர் விளையாட்டுப் போட்டிக்காக நீச்சல் குளமாகக் கட்டப்பட்டது. அதனால்தான் நெடுங்காலம் 'எம்பயர் பூல்' என்றே அழைக்கப்பட்டது. 1948 ஒலிம்பிக்கில் நீச்சல் போட்டிகள் நடந்ததும் அங்கேதான். 2007இல் திறந்த இன்றைய ஸ்டேடியமோ காற்பந்தை மனதில் வைத்துக் கட்டியது. ஒன்று நீந்துவதற்கு, மற்றது பந்து உதைப்பதற்கு. பாட்டு இரண்டு வீட்டிலும் குடக்கூலிக்கு வந்த விருந்தாளிதான். எந்த வீட்டில் அதற்கு எவ்வளவு சிரமம் என்று விளங்கிவிட்டால் டிக்கெட் எடுப்பது சுலபம்.

ஸ்டேடியத்தில் பாடுவது எவ்வளவு பெரிய சிரமம் என்பதை உலகத்துக்குக் காட்டியவர்கள் பீட்டில்ஸ். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 55,600 பேர் முன்னால் அவர்கள் ஏறினார்கள். பேஸ்பால் திடலின் நடுவில் சின்ன மேடை. கிட்டார்களுக்கென்று வாக்ஸ் கம்பெனி விசேஷமாகச் செய்துகொடுத்த 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. ஆட்ட அறிவிப்புக்காகப் பொருத்தியிருந்த ஸ்டேடியத்து ஒலிபெருக்கிகளிலும் பாட்டை விட்டார்கள். கூட்டத்தின் கூச்சலுக்கு முன்னால் எதுவும் எடுபடவில்லை. கேட்க வந்தவர்களுக்கும் கேட்கவில்லை, பாடியவர்களுக்கும் கேட்கவில்லை. ட்ரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார், அந்த நாட்களில் முன்னால் நிற்கும் மூவரின் முதுகும் இடுப்பும் அசைவதைப் பார்த்தே பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று கண்டுபிடித்ததாகப் பின்னாளில் சொன்னார். சுமார் அரை மணி நேரம், 12 பாட்டு, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு மே 1 அன்று, உங்கள் வெம்ப்ளி எம்பயர் பூலில் ஓர் இசை இதழின் விருது நிகழ்ச்சியில் பாடினார்கள். பிரிட்டனில் டிக்கெட் விற்று நடந்த அவர்களின் கடைசி நிகழ்ச்சி அது. ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் ஸ்டேடியத்தில் பாடிவிட்டு, ஊர் ஊராகப் போய்ப் பாடுவதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குக் காரணங்கள் பல. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காமல் போனது அவற்றில் முக்கியமான ஒன்று.

கூச்சல் இல்லாவிட்டாலும் பிரச்சினை தீராது. அது காற்றிலேயே இருக்கிறது. 20 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. காற்பந்துத் திடலின் நீளம் 105 மீட்டர். மேடை ஒரு கோல் பக்கத்தில் இருந்தால், எதிர்ப்பக்க மேல்மாடத்தில் இருப்பவருக்கும் மேடைக்கும் இடையே 130 மீட்டராவது இருக்கும். அந்தத் தூரத்தைக் கடக்க ஒலிக்கு 0.38 விநாடி வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு விழும் ஒரு பாட்டில் தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி அரை விநாடி. ஆக, ட்ரம்ஸ்காரரின் குச்சி தோலில் விழுவதைக் கண் பார்த்து முக்கால் தட்டு கழித்துத்தான் அந்த அடி காதுக்கு வந்து சேரும். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. மேல்மாடத்தில் இருப்பவர்களுக்குத் திரையில் தெரியும் வாயும் காதில் விழும் சொல்லும் ஒட்டாமல் போவது இதனால்தான்.

கண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பாஸ்மதி அரிசி மணியை விரல் நுனியில் பிடித்துக் கையை முழுதாக நீட்டிப் பார். ஸ்டேடியத்தின் கோடியிலிருந்து பாடகர் அவ்வளவு பெரிசுதான் தெரிவார். அந்த இடத்தில் ஒரு தீக்குச்சியைப் பிடித்தால், அது அரினாவில் 25 மீட்டர் தூரத்து இருக்கையிலிருந்து தெரியும் அளவு. தீக்குச்சியும் சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தத் தூரத்தில் மனிதக் கண்ணுக்கு நிறையத் தெரியும்: மூச்சு எடுக்கும்போது தோள் ஏறுவது, கிட்டார்காரர் ட்ரம்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைப்பது, ஒரு வரியைப் பாடி முடித்ததும் முகத்தில் வரும் நிம்மதி. அரிசி மணியில் இவை எதுவும் தெரியாது. திரையைத்தான் பார்க்க வேண்டும். திரையிலும் கேமராக்காரர் காட்டுவதைத்தான் பார்க்கலாம்.

இந்த அறுபது ஆண்டுகளில் பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. திடலின் நடுவே கோபுரங்களை நட்டு, அவற்றில் உள்ள ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒலியைக் கணக்குப் பார்த்துத் தாமதப்படுத்தினார்கள். மேடையிலிருந்து காற்றுவழி வரும் ஒலியும் கோபுரத்து ஒலியும் ஒன்றாகவே காதில் சேர்ந்தன. அடுத்த பெரிய பாய்ச்சல் 1992இல் வந்தது. கிறிஸ்டியன் ஹைல் என்ற பிரெஞ்சு இயற்பியலாளரின் எல்-அக்கூஸ்டிக்ஸ் நிறுவனம் 'வி-டாஸ்க்' என்ற ஸ்பீக்கர் வரிசையைக் கொண்டுவந்தது. மேடையின் இரு பக்கமும் வாழைத்தார்போல் வளைந்து தொங்குகின்றனவே, அவை அந்த வம்சம்தான். தனியாக நிற்கும் ஸ்பீக்கரின் ஒலி, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் இறங்கும். ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கும் வரிசையில், ஒரு குறிப்பிட்ட தூரம் வரை 3 டெசிபல்தான் இறங்கும். முன்வரிசையின் காதைப் பிளக்காமல் பின்வரிசைக்கும் ஒலி போவது இப்படித்தான்.

கலைஞர்களும் தங்கள் பங்குக்குத் தூரத்தோடு போராடினார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் 1997இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில், பிரதான மேடையிலிருந்து ஒரு பாலத்தில் நடந்து கூட்டத்தின் நடுவில் இருந்த சின்ன மேடைக்குப் போனார்கள். யூ2 குழு 2009இல் நான்கு கால் இராட்சத நண்டுபோல் ஒரு கோபுரத்தைத் திடலில் நிறுத்தி அதன் கீழே நின்று பாடியது. நாலாபுறமும் சனம் சூழ்ந்ததால், மேடைக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் இருக்கைகளுக்கும் ஆள் வந்தது. கோல்ட்ப்ளே குழு ரேடியோ சமிக்ஞையில் மின்னும் கைப்பட்டைகளைக் கூட்டத்துக்குக் கொடுத்துப் பார்வையாளர்களையே விளக்காக்கியது. எவ்வளவு செய்தும் ஒலி விநாடிக்கு 343 மீட்டர்தான் ஓடுகிறது. திறந்த வெளியில் காற்று பலமாக வீசினால் பாட்டு ஒரு பக்கம் ஒதுங்குவதையும் இன்றுவரை யாராலும் முழுதாகத் தடுக்க முடியவில்லை.

அப்படியானால் ஸ்டேடியத்துக்கு ஏன் இவ்வளவு சனம்?

ஆல்பர்ட்டன் ஈழபதீஸ்வரர் கோயில் தேரை நினைத்துப் பார். தேரன்று சாமியின் முகத்தை நின்று நிதானமாகப் பார்க்க யாருக்கு முடிகிறது? அதற்கு ஒரு சாதாரண நாளின் மாலைப் பூசை போதும். தேரன்று எல்லோரும் வருவது வடத்தில் ஒரு கை வைக்க. ஸ்டேடியம் தருவதும் அந்த வடம்தான். 1985 ஜூலை 13 அன்று பழைய வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் குயீன் குழுவுக்குக் கிடைத்தது இருபது நிமிடச் சொச்சம். அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி ஓசை கொடுக்க, சுமார் 72,000 பேர் திருப்பிக் கொடுத்தார்கள். தலைக்கு மேல் அத்தனை கைகளும் எழுந்து தட்டிய காட்சி இன்றும் பார்க்கப்படுகிறது. அதை 12,000 பேரை வைத்துச் செய்ய முடியாது.

2024 ஜூலையில் டெய்லர் ஸ்விஃப்ட் மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் பாடியபோது, டிக்கெட் கிடைக்காத பல்லாயிரம் பேர் பக்கத்துக் குன்றில் ஏறி உட்கார்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இடிந்த கட்டடங்களின் கற்குவியலால் ஆன குன்று அது. மேடை அவர்களுக்கு வெகு தூரம். ஒலியும் காற்றில் மிதந்து வந்ததுதான். ஆனாலும் கூட்டத்தோடு சேர்ந்து பாடினார்கள்.

பெரிய இடமென்றால் பெரிய பட்டாளம் வேண்டும் என்பதும் இல்லை. 2015 ஜூலையில் எட் ஷீரன் மூன்று இரவுகள் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் பாடினார். பின்னணிக் குழு கிடையாது. ஒரு கிட்டார், தான் வாசித்ததையே பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் ஒரு காலடிக் கருவி, ஓர் ஆள். கூட்டம் கடைசிவரை அவரோடு நின்றது.

அரினாவின் பலம் வேறு. 2007இல் லண்டன் ஓ2 அரினா திறந்த ஆண்டிலேயே பாடகர் பிரின்ஸ் அங்கே 21 இரவுகள் பாடினார். சில நாள் ஸ்டேடியத்தில் பாடியிருந்தால் அதே அளவு சனத்தைச் சீக்கிரம் பார்த்து முடித்திருக்கலாம். அவர் தம் சின்னத்தின் வடிவில் ஒரு மேடையை அரங்கின் நடுவில் போட்டு, சுமார் 20,000 பேரைச் சுற்றி உட்கார வைத்துப் பாடினார். இரவுக்கு இரவு பாட்டுகளை மாற்றினார். நிகழ்ச்சி முடிந்த பின் பக்கத்துச் சிறு மண்டபத்தில் வேறொரு கச்சேரியும் நடத்தினார்.

ஸ்டேடியத்தில் 90,000 பேருக்கும் தெரிந்த பாட்டைப் பாடியாக வேண்டிய நெருக்கடி எப்போதும் உண்டு. டெய்லர் ஸ்விஃப்ட் அதற்குள்ளும் இரவுக்கு இரண்டு பாட்டை மாற்றிப் பாட வழி கண்டார். மீதி மூன்று மணி நேரம் பெரும்பாலும் ஒன்றுதான். அரினாவில் கலைஞர் தன் மனதுக்குப் பிடித்ததைப் பாடிப் பார்க்கலாம். அதற்கும் விலை உண்டு. 2017 ஜூலை 8 அன்று உங்கள் வெம்ப்ளி அரினாவிலேயே ஏ.ஆர். ரஹ்மான் 'நேற்று இன்று நாளை' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். இந்திப் பாட்டை எதிர்பார்த்து வந்தவர்களில் சிலர், தமிழ்ப் பாட்டு கூடிவிட்டது என்று இடையில் எழுந்து போனார்கள்; பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. நம்முடைய ஆட்களுக்கு அது மறக்க முடியாத இரவு.

கூரை இருந்தால் ஒலி நன்றாக இருக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதே. மூடிய கட்டடத்தில் எதிரொலி வந்து சொல்லைக் குழப்பும். 1871இல் திறந்த ராயல் ஆல்பர்ட் ஹாலின் எதிரொலி பேர்போனது. 1969இல் கூரையிலிருந்து காளான்போல் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகே அது அடங்கியது. சிறிய இடம் என்பதற்காகப் பாதுகாப்பானது என்றும் நம்பக்கூடாது. 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் த ஹூ குழுவின் நிகழ்ச்சி நடந்தது ஓர் உள்ளரங்கில்தான். பெரும்பாலானவை இருக்கை எண் இல்லாத டிக்கெட்டுகள். முன்னால் இடம்பிடிக்க வாசலில் முண்டியடித்த நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். எங்கே போனாலும், உள்ளே நுழைந்ததும் வெளியேறும் வழி இரண்டைப் பார்த்து வை. நெஞ்சு நெருக்கப்படுவதாகத் தோன்றினால் அந்தப் பாட்டு முடியட்டும் என்று காத்திராமல் ஓரத்துக்கு வந்துவிடு.

இனி டிக்கெட். இருக்கை வரைபடத்தில் முதலில் மேடையைத் தேடாதே. சவுண்ட் இன்ஜினியரின் மிக்ஸர் மேசையைத் தேடு. பெரும்பாலும் மேடைக்கு நேர் எதிரே தரையில் இருக்கும். அன்றைய ஒலி முழுவதும் அங்கே நின்று கேட்கும் ஒருவரின் காதுக்குத்தான் சரிபார்க்கப்படுகிறது. அதை அண்டிய இருக்கைகளில் பாட்டு நன்றாகக் கேட்கும். மேல்மாடம் கூரைபோல் கவிந்து நிற்கும் பின்வரிசைகளைத் தவிர். அங்கே மேலிருந்து தொங்கும் ஸ்பீக்கர்களின் ஒலி முழுதாக வந்து சேராது. 'பார்வை மறையும் இருக்கை' என்று குறித்திருந்தால், எது மறைக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்கு. நிற்கும் இடத்துக்கு வயதெல்லை உண்டு. அதையும் முன்கூட்டியே பார்த்துவிடு.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், 100 டெசிபலைக் கால் மணி நேரம்தான் தாங்கலாம் என்பது தொழில்முறைப் பாதுகாப்புக் கணக்கு. நிகழ்ச்சி அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரம்பு வகுத்தது. இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்குக் காதடைப்பான் இல்லாமல் போவது உன் வயதில் செய்யக்கூடாத காரியம். இசைக்கென்றே செய்த காதடைப்பான்கள் சத்தத்தைக் குறைக்கும், பாட்டைக் கெடுக்காது.

ஸ்டேடியத்தில் நிற்கும் பெரும்பாலோர் சின்ன மண்டபங்களில் தொடங்கியவர்கள்தான். அந்த மண்டபங்கள் பல இன்று மூடப்படும் நிலையில் இருக்கின்றன. கோல்ட்ப்ளே 2025இல் வெம்ப்ளியில் பத்து இரவுகள் பாடியபோது, அந்த ஆண்டு பிரிட்டனின் ஸ்டேடியங்களில் தங்களுக்குக் கிடைத்த வருவாயில் பத்தில் ஒரு பங்கைச் சிறு இசையரங்குகளைக் காக்கும் அறக்கட்டளைக்குக் கொடுக்க முன்வந்தது இதற்காகத்தான். ஆண்டுக்கு ஒரு தடவையாவது இருநூறு பேர் நிற்கும் ஓர் இடத்துக்கும் போ.

மாமாவின் தீர்ப்பு இதுதான்: முதல் நிகழ்ச்சி அரினாவில். கீழ்த்தட்டில், பக்கவாட்டில், மேடைக்கு முப்பது மீட்டருக்குள். உனக்குப் பிடித்த அந்தக் குரல் எப்படி உருவாகிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொள். அடுத்த கோடையில் சிநேகிதிகள் எல்லோரும் சேர்ந்து ஸ்டேடியத்துக்குப் போய்த் தொண்டை கட்டும்வரை பாடிவிட்டு வாருங்கள். டிக்கெட் எடுக்குமுன் இருக்கை வரைபடத்தை மாமாவுக்கு அனுப்பு. காதடைப்பான் இரண்டு சோடி இங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
மாமா